சேர் பொன்னம்பலம் அருணாசலம்: சட்டத்துக்கு முந்திய வேலை

ஒரு சட்டம் எந்த ஆண்டில் நிறைவேறியது என்பதை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அச்சட்டம் நிறைவேறுவதற்கு முன்னர் பத்து, இருபது ஆண்டுகளாக யார் என்ன செய்தனர் என்று கேட்டால் விடைத்தாளில் ஓரிரு வரிகளுக்கு மேல் கிடைப்பதில்லை. பொது விடயமொன்றில் அரசாங்கம் இன்னவாறு நடந்துகொள்வது என எடுக்கும் தீர்மானம் பொதுக் கொள்கை எனப்படும். தீர்மானம் எடுக்கப்படும் நாள் கடைசியிலேதான் வருகின்றது. அதற்கு முன் ஒரு குறையை யாராவது பிரச்சினையாக இனங்காண வேண்டும். அதைப் பற்றிய தகவல்களைத் திரட்ட வேண்டும். மக்களிடையே அபிப்பிராயத்தை உருவாக்க வேண்டும். பின்னர், செய்யக்கூடிய வழிகளை எழுத்தில் அரசாங்கத்தின் முன் வைக்க வேண்டும். கொள்கை உருவாக்கத்தின் ஆரம்பக் கட்டங்கள் என்று கூறப்படுபவை இவையே. இவற்றை வரைவிலக்கணமாகப் படிப்பதைக் காட்டிலும் ஒருவருடைய வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பது இலகுவானது. அதற்கு ஏற்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

பிறப்பும் கல்வியும்

அருணாசலம் 1853 செப்ரெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியாரின் பூர்வீகம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். தாயார் செல்லாச்சி அம்மையார். சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்த சேர் முத்துக்குமாரசுவாமி இவருக்குத் தாய்மாமன். மூத்த சகோதரர்கள் குமாரசுவாமி, இராமநாதன் ஆகிய இருவரும் பின்னாளில் அதே சபையில் அங்கம் வகித்தனர். பொது விடயங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பேசப்பட்ட குடும்பம் என்று கூறலாம்.

(இராமநாதனையும் அருணாசலத்தையும் மாணவர்கள் அடிக்கடி மாற்றி எழுதிவிடுகின்றனர். 1911இல் படித்த இலங்கையருக்கான ஆசனத்தை வென்றவரும், 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவரும், மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவியவரும் அண்ணன் இராமநாதன். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டையும், இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைமைப் பதவியையும் தம்பி அருணாசலத்துடன் சேர்த்து நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.)

பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்ற அருணாசலம், 1870இல் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். சட்டமும் பயின்றார். 1875இல் திறந்த போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் பிரவேசித்தார். அவ்வாறு பிரவேசித்த முதல் இலங்கையர் இவரே. வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த உயர் நாற்காலிகளுக்கு ஒரு சுதேசி தன் திறமையால் வந்து சேர்ந்தமை அக்காலத்திற் பெரிய செய்தி. ஆயினும் கச்சேரிகளில் வெள்ளையருக்குக் கிடைத்த வாய்ப்புகள் இவருக்கு இலகுவிற் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் நீதிவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களிற் பணியாற்றினார்.

பதிவேட்டிலிருந்து தொடங்கிய வேலை

1880களின் பிற்பகுதியில் தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், பல மூத்த உத்தியோகத்தரைக் கடந்து, அருணாசலத்தைப் பதிவாளர் நாயகமாகப் பதில் கடமையாற்ற நியமித்தார். அத்திணைக்களம் அப்போது சீரழிந்து கிடந்தது. காணி உறுதிகளைப் பதிவதிலும் தேடியெடுப்பதிலும் தாமதம் மிகுந்திருந்தது. தாமதம் உள்ள இடத்தில் கைலஞ்சமும் இருக்கும். காணிக்கு உரியவர் யார், அக்காணி முன்னரே ஈடு வைக்கப்பட்டதா என்பதை ஒருவர் அறிந்துகொள்ள முடியாவிட்டால் வழக்குகள்தான் பெருகும். தோம்பும் உறுதியும் வழக்கும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் என்பதை யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அருணாசலம் பதிவேடுகளுக்குச் சுட்டிகள் தயாரிப்பித்தார். அலுவலக நடைமுறைகளை மாற்றினார். பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் ஒழுங்குபடுத்தினார். இவை எழுதுவினைஞரின் வேலையாகத் தோன்றலாம். ஆனால், எந்தப் பகுதியில் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்பது ஏட்டில் இல்லாதவரை அதனை ஒரு பிரச்சினையென அரசாங்கத்திடம் எடுத்துக்கூற எவராலும் முடியாது. துயரம் அந்தந்த வீட்டுத் துயரமாகவே இருந்துவிடும்.

இந்த அனுபவத்தின் பயன் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வெளிப்பட்டது. இலங்கையில் பத்தாண்டுக்கு ஒருமுறை முறையாக நடைபெறும் குடிசன மதிப்பீடு 1871இல் ஆரம்பித்தது. அவ்வரிசையில் நான்காவதான 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தும் பொறுப்பு அருணாசலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வீடுகளுக்கு இலக்கமிட்டு, கணக்கெடுப்போரைப் பயிற்றி, நாடு முழுவதிலும் உள்ள மக்களை எண்ணி முடித்தபோது தொகை ஏறத்தாழ 35 இலட்சத்து 66 ஆயிரமாக இருந்தது.

எண்களை அட்டவணைகளிற் போட்டுக் கொடுத்திருந்தாலே கடமை முடிந்திருக்கும். அருணாசலம் நான்கு தொகுதிகளாக ஓர் அறிக்கை தயாரித்தார். மக்கள் பேசும் மொழிகள், சமயங்கள், தொழில்கள், எழுத்தறிவு, நாட்டின் வரலாறு என அது விரிந்தது. பெருந்தோட்டங்களில் வாழ்ந்த நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதிலே தனிப் பகுதியாகக் காட்டப்பட்டனர். ஆட்சியாளருக்காகத் தயாரிக்கப்பட்ட கணக்கைப் படித்த இலங்கையரும் வாசிக்கத் தொடங்கினர். தங்கள் நாட்டில் எத்தனை பேருக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதை அரசாங்கத்தின் அறிக்கையிலிருந்தே எடுத்துக்காட்ட அவர்களால் முடிந்தது. அருணாசலம் பின்னர் கையிலெடுத்த கல்வி, தொழிலாளர், பிரதிநிதித்துவம் ஆகிய மூன்று விடயங்களுமே இவ்வறிக்கையின் பக்கங்களில் எண்களாக இருந்தவைதாம்.

பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை

அக்காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. வசதி படைத்தோர் இங்கிலாந்து சென்றனர். ஏனையோர் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பரீட்சைகளுக்குத் தோற்றினர். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை உயர்கல்வி புதியதன்று. 1823இல் வட்டுக்கோட்டையில் ஆரம்பித்த செமினரி 1855 வரை உயர்தரக் கல்வி அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்கள். ஆயினும் பட்டம் தருவதற்குக் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகமே வேண்டியிருந்தது.

1906 ஜனவரியில் கொழும்பில் அருணாசலத்தின் முயற்சியால் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் உருவாயிற்று. ஆனந்த குமாரசுவாமி முதலியோரும் இதில் ஈடுபட்டனர். அருணாசலம் அப்போது அரசாங்க உத்தியோகத்தர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அரசியற் கிளர்ச்சியில் இறங்க அவருக்கு இடமில்லை. கல்வி பற்றிப் பேச இடமிருந்தது. அந்த இடைவெளியை அவர் நன்கு பயன்படுத்தினார். பல்கலைக்கழகம் இல்லாத நாடு பரீட்சைக்கு மட்டும் பிள்ளைகளைத் தயாரிக்கிறது என்பதும், சொந்த மொழியும் வரலாறும் அறியாதவரைக் கல்வி உருவாக்குகிறது என்பதும் அவரது வாதங்கள். சிங்களத்துக்கும் தமிழுக்கும் கல்வியில் உரிய இடம் வேண்டும் என்று அக்காலத்திலேயே வற்புறுத்தினார்.

இதன் பின் நிகழ்ந்தவற்றின் வேகத்தைப் பாருங்கள். அரசாங்கம் குழு அமைத்து ஆராய்ந்தது. பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று அமைக்கலாம் என்ற நிலைக்கு வந்தபோது 1914இல் உலக யுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்த பின், 1921இலேயே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவும் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே மாணவரைத் தயார் செய்தது. பிறகு பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது, கொழும்பிலா கண்டிப் பக்கத்திலா என்ற விவாதத்தில் பல ஆண்டுகள் கழிந்தன. 1942 ஜூலை முதலாந் திகதிதான் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. கோரிக்கை எழுந்து 36 ஆண்டுகள். (பல்கலைக்கழகக் கல்லூரி 1921, பல்கலைக்கழகம் 1942. இவ்விரண்டையும் மயங்கி எழுதுவோர் பலர்.) பேராதனையில் உள்ள மாணவர் விடுதி ஒன்று அருணாசலத்தின் பெயரால் வழங்குகின்றது.

யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் 1974இல் வந்தது. அது அமைந்தது திருநெல்வேலியில், இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்.

தோட்டத் தொழிலாளரின் வழக்கு

1913இல் அருணாசலம் அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்றார். சட்டநிரூபண சபையிலும் நிருவாக சபையிலும் உத்தியோக அங்கத்தவராக இருந்தவர். சேர் பட்டமும் பெற்றவர். அறுபது வயதில் வீட்டிலிருந்து சைவ நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அந்தப் புலமையும் அவருக்கு இருந்தது. ஆனால் உத்தியோகம் கட்டியிருந்த வாய் அப்போதுதான் அவிழ்ந்தது.

1915 ஜனவரியில் இலங்கைச் சமூகசேவைச் சங்கத்தை நிறுவி அதன் தலைவரானார். கொழும்பின் வறிய பகுதிகளில் கல்விக்கும் வைத்திய உதவிக்கும் அச்சங்கம் பாடுபட்டது. தருமம் செய்வதுடன் அவர் நின்றுவிடவில்லை. ஏழைகளின் கூலி, குடியிருப்பு, கல்வி ஆகியவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்று வாதிட்டார்.

பெருந்தோட்டத் தொழிலாளரின் நிலை இன்னும் கொடியது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் முற்பணம் கொடுத்து அழைத்து வந்த தொழிலாளி, தோட்டத்தில் காலடி வைக்கும்போதே கடனாளி. அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு ஒன்று கொடுக்கப்படும். அக்கடனைத் தீர்க்கும் தோட்டம் அவனைப் பெற்றுக்கொள்ளும். இதுவே துண்டு முறை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். கொடுத்த பணத்தைத் திருப்பித் தராதது ஏனையோருக்குச் சிவில் வழக்கு. தோட்டத் தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அது குற்றம்.

நீதிவானாக இருந்த அருணாசலத்துக்கு இச்சட்டம் எவ்வாறு தொழிற்பட்டது என்பது தெரியும். 1919இல் பெரி சுந்தரம் முதலியோருடன் இணைந்து இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும், 1920இல் இலங்கைத் தொழிலாளர் சம்மேளனத்தையும் அமைத்தார். சட்டத்தில் எந்த விதி நீங்க வேண்டும் என்று குறிப்பாகச் சுட்டிக்காட்டியமையே இம்முயற்சியின் பலம். பொதுவாக இரக்கம் காட்டுமாறு கேட்டிருந்தால் அரசாங்கமும் பொதுவாகவே பதிலளித்திருக்கும். 1921இல் துண்டு முறை தடைசெய்யப்பட்டது. 1920களின் தொடக்கத்திலேயே சிறைத்தண்டனை விதிகளும் நீக்கப்பட்டன. இதற்கு இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் முக்கிய காரணம் என்பதை விடையிற் சேர்த்தல் வேண்டும். இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கான ஆகக் குறைந்த கூலிச் சட்டம் 1927இல், அருணாசலம் மறைந்த பின்னரே, வந்தது.

காங்கிரசும் ஒரு கடிதமும்

அரசியற் சீர்திருத்தத்திலும் அவர் இதே ஒழுங்கைப் பின்பற்றினார். 1912ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி சட்டநிரூபண சபையில் 21 பேர் இருந்தனர். அவர்களில் உத்தியோகத்தரே பெரும்பான்மை. படித்த இலங்கையருக்குத் தெரிவு செய்யக் கிடைத்தது ஒரேயோர் ஆசனம். 1917 ஏப்ரிலில் இலங்கையின் அரசியல் தேவைகள் பற்றி அருணாசலம் ஆற்றிய உரை படித்தோரிடையே பெரும் விழிப்பை ஏற்படுத்தியது. அடுத்த மாதமே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் தோன்றியது. அதன் தலைவர் அவரே. தனித்தனியாக மகஜர் அனுப்பிக்கொண்டிருந்த சங்கங்களை ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்பது அவரது அடுத்த இலக்கு.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம் வந்தால் வடக்கிலும் கிழக்கிலும் மட்டுமே தமிழர் தெரிவாவர், சபையில் தமிழரின் நிலை தாழ்ந்துவிடும் என யாழ்ப்பாணச் சங்கத்தினர் அஞ்சினர். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த தமிழருக்காக மேல்மாகாணத்தில் ஓர் ஆசனம் வேண்டும் என்பது கோரிக்கை. 1918 டிசம்பரில் சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் அவ்வாறான ஆசனத்துக்கு ஆதரவளிப்பதாக எழுத்தில் உறுதியளித்தனர். அக்கடிதத்தை நம்பி யாழ்ப்பாணத்தவரை இணங்கச் செய்தவர் அருணாசலம். அவருடைய சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் அவ்வளவு மதிப்பு இருந்தது. 1919 டிசம்பர் 11ஆந் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் ஆரம்பமாயிற்று. சிங்களவரும் தமிழரும் சேர்ந்த அந்த அமைப்பின் முதல் தலைவராக ஒரு தமிழர் தெரிவானார்.

காங்கிரஸ் குறையற்ற அமைப்பாக இருந்தது என்று கூறுவதற்கில்லை. ஆங்கிலம் படித்த மேல்தட்டினரின் கழகமாகவே அது நடந்தது. கமக்காரனுக்கோ தொழிலாளிக்கோ அங்கே நாற்காலி கிடையாது. எனினும் இரு சமூகத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கோரிக்கையை எழுதிய காலம் அது.

தேசாதிபதி மனிங் காலத்தில் 1920ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வந்தது. புதிய சபைக்கான 1921ஆம் ஆண்டுத் தேர்தலில் கொழும்பு நகர ஆசனத்தை அருணாசலம் எதிர்பார்த்தார். காங்கிரசார் அதனை ஜேம்ஸ் பீரிசுக்கு ஆக்கினர். மேல்மாகாணத் தமிழர் ஆசனம் பற்றிய உறுதிமொழியும் கைவிடப்பட்டது. 1918ஆம் ஆண்டுக் கடிதம் காங்கிரஸ் தோன்றுவதற்கு முன் எழுதப்பட்டது, அது காங்கிரசைக் கட்டுப்படுத்தாது என்ற வாதம் எழுந்தது.

குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமிட்டவர், தொழிலாளர் விடயத்தில் நீக்க வேண்டிய விதியைச் சுட்டிக்காட்டியவர், தம் சமூகத்தின் அச்சத்துக்கு விடையாக இருவர் ஒப்பமிட்ட கடிதத்துடன் அமைதியடைந்தார். அந்த உறுதிமொழியைக் காங்கிரசின் யாப்பிலோ, அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த திட்டத்திலோ கட்டாயமான ஒரு வாசகமாக அவர் சேர்ப்பிக்கவில்லை. நண்பர்களின் சொல் போதும் என்று எண்ணியிருக்கலாம். கடிதத்தை எழுதியவர்கள் வஞ்சகர்கள் என்றோ, அருணாசலம் பதவி கிடைக்காததால் மட்டும் கோபித்தார் என்றோ எழுதுவது வரலாற்றைச் சுருக்குவதாகும். ஆசனம் அவருக்குக் கிடைத்திருந்தாலும் யாழ்ப்பாணத்தில் எழுந்த அச்சத்துக்கு அது விடையாகியிராது.

1921இல் அவர் காங்கிரசை விட்டு விலகினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தமிழர் மகாஜன சபை தோன்றியது. 1923இல் அருணாசலம் இலங்கைத் தமிழர் சங்கத்தை அமைத்தார். தம் வாழ்நாளின் பெரும் பகுதியை இலங்கையர் என்ற ஒரே சொல்லின்கீழ் எல்லோரையும் சேர்ப்பதற்குச் செலவிட்டவர், எழுபதாவது வயதில் தமிழருக்கெனத் தனிச் சங்கம் அமைக்க வேண்டியதாயிற்று. இலங்கையின் இனப் பிரச்சினை பற்றி எழுதுவோர் 1921ஆம் ஆண்டை ஒரு திருப்பமாகக் குறிப்பிடுவது இதனாலேயே.

தென்னிந்தியத் தலங்களைத் தரிசிக்கச் சென்றிருந்தபோது, 1924 ஜனவரி 9ஆந் திகதி மதுரையில் அருணாசலம் காலமானார். 1930இல் கொழும்பிற் புதிய சட்டசபைக் கட்டட வளவில் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டது.

அவர் மறைந்த அதே 1924இல் திருத்திய மனிங் அரசியற்றிட்டத்தின்கீழ்ப் புதிய சட்டசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. அச்சபையின் 49 ஆசனங்களுள் ஒன்று மேல்மாகாணத் தமிழருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் இனவாரி ஆசனங்களை ஒழித்தபோது அதுவும் நீங்கியது.